கவிழ்த்து வைத்த சட்டி

ஜூன் 3, திங்கள்

இன்று புது வேலை கொடுத்தார்கள். நாட்டின் பெயர் மால்டோவா. மேலாளர் ரெபெக்கா மேடம் சொன்னபோது தெரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு, இருக்கைக்கு வந்த பிறகு வரைபடத்தில் தேடினேன். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் ஒரு திராட்சைக் குலை மாதிரி தொங்குகிறது.

ஐரோப்பாவில் இருக்கிற ஒரு நாடு நம் வங்கியிடம் கடன் வாங்கிக் கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாய் போடுகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. உலகத்துக்கே கடன் கொடுக்கிற வங்கி என்று வேலைக்குச் சேரும்போது சொன்னார்கள். அந்த உலகத்தில் ஐரோப்பாவை நான் சேர்த்திருக்கவில்லை. அங்கே எல்லோர் வீட்டிலும் வெந்நீரே குழாயில் வரும் என்று நினைத்திருந்தேன்.

அங்கிருந்து வரும் எண்களை அட்டவணையில் போட்டு, கோட்டுப் படம் வரைந்து, வரிசைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. "எண்ணுக்கு என்ன அர்த்தம்னு நீ மண்டைய உடைச்சுக்க வேண்டாம்மா. அதுக்கு வாஷிங்டன்ல ஆள் இருக்காங்க. நமக்கு நேரா இருந்தாப் போதும்" என்றார் மேடம். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் மூன்று மாதம் நேராக வைத்துக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். மால்டோவா என்று ஆரம்பிப்பதற்குள், "வையி வையி, தண்ணி வந்துருச்சு" என்று வைத்துவிட்டாள். விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊரில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் போன் செய்யும்போது வரும் என்று மட்டும் தெரிகிறது.

ஜூன் 5, புதன்

சென்னை ஹாஸ்டலில் என் இரண்டு வாளியும் எப்போதும் நிறைந்தே இருப்பதைப் பார்த்து அறைத்தோழி சிரித்தாள். இங்கே நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறதே என்றாள். வருகிறது. தெரியும். ஆனாலும் நிரப்பி வைக்காமல் வேலைக்குக் கிளம்ப எனக்குக் கால் வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

முதல் காணொளிக் கூட்டம். நமக்கு மாலை ஐந்தரை, மால்டோவாவில் மூன்று மணி, வாஷிங்டனில் காலை எட்டு. பன்னிரண்டு முகங்கள். வாஷிங்டனில் இருக்கிற ரோட்ரிகோதான் தலைவர். பொலிவியாக்காரர், காபிக் கோப்பையை வைத்துக்கொண்டே பேசுகிறார். மால்டோவா அரசுத் தரப்பில் தோய்னா என்று ஒரு பெண் பொறியாளர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தார். நடுவில் பென்சில் தேவைப்பட்டபோது உருவினார், முடி விழுந்துவிட்டது, எழுதி முடித்து மறுபடி கொண்டை போட்டார். கூட்டத்தில் வேறு யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் என் திரையைப் பகிர வேண்டும். "அடுத்தது" என்று சொன்னால் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். ஒலியை அணைத்தே வைத்திருந்தேன். பதினேழு முறை அடுத்தது போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் உண்டு. அறிக்கையின் ஓரத்தில் வாரம் முழுக்க ஆளாளுக்குக் கருத்து எழுதியிருப்பார்கள். ஐந்து மணிக்குள் அவற்றை ஒவ்வொன்றாக அழுத்தி 'முடிந்தது' என்று மூட வேண்டும். ஓரம் வெள்ளையாக இருந்தால்தான் அறிக்கை சுத்தமாம். இருபத்தாறு மூடினேன்.

நவ்ஷாத் எனக்குப் பக்கத்து இருக்கை. திருவல்லிக்கேணிக்காரர். கூட்டம் முடிந்ததும், "ஈஸ்வரி, நீங்க இருந்தீங்களா? கரண்ட் போயிடுச்சோனு பாத்தேன்" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீலச் சட்டை.

ஜூன் 12, புதன்

இன்று விஷயம் முழுதாகப் புரிந்தது.

மெரிலேனி என்று ஒரு கிராமம். போன ஆண்டு தொட்டி கட்டி, வீடு வீடாகக் குழாய் கொடுத்துவிட்டார்கள். வீடுகளில் மீட்டர் இன்னும் பொருத்தவில்லை. தொட்டி நிறையும்போதெல்லாம் திறந்துவிடுவார்கள், ஒரு நாளைக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ. அதே தொட்டியிலிருந்து பக்கத்துக் கிராமமான கொஸ்திலாவுக்கும் தண்ணீர் போக வேண்டும் என்பது திட்டம். ஆனால் மெரிலேனி ஒன்றே தன் தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கிறது. குழாய் பதித்த விதம் சரியில்லை, மண்ணுக்குள் கசிகிறது என்கிறார்கள் நிபுணர்கள். தோண்டிப் பார்க்காமல் கொஸ்திலாவுக்குக் கொடுக்க முடியாது. தோண்டுவதற்குத் திட்டத்தில் காலம் இல்லை. எனவே கொஸ்திலாவை விட்டுவிடலாமா என்று பேச்சு. அடுத்த புதன் அல்ல, அதற்கடுத்த புதன், இருபத்தாறாம் தேதி முடிவு செய்வார்கள்.

இரண்டு அட்டவணை தயார் செய்யச் சொன்னார் ரோட்ரிகோ. ஒன்று பதினான்காம் வரிசையோடு, மற்றொன்று பதினான்காம் வரிசை இல்லாமல். பதினான்காம் வரிசை கொஸ்திலா. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு.

தோய்னா கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. பிறகு கோப்புகளோடு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். நீல வண்ணம் அடித்த கிணறு, தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி ராட்டினத்தைச் சுற்றுகிறார். கீழே ஒரு வரி: கொஸ்திலா, என் அம்மா, இன்று காலை.

நான் இரண்டு அட்டவணையும் செய்துவிட்டேன். இரண்டும் நேராக இருக்கின்றன.

ஜூன் 13, வியாழன்

அறிக்கைக்கு வாரச் சராசரி மட்டும்தான் போகும். நாள் வாரியான கோப்பு என்னிடம்தான் வருகிறது. அதையும் படமாக வரைந்து பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் செய்தேன்.

தொட்டியைத் திறந்ததும் கோடு நெட்டுக்குத்தாக எகிறுகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் உச்சியில் நிற்கிறது. அப்புறம் சரிந்து சாதாரணமாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலையில் திறந்தால் இரண்டு மணி நேரம் உச்சியிலேயே நிற்கிறது. மே 5 அன்றைக்கு மிக மோசம். விடிகாலையில் திறந்தது தொட்டி காலியாகிற வரை இறங்கவே இல்லை.

கசிவு என்றால் அதற்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதானே? பத்து நிமிடம் கசிந்துவிட்டுத் தானாக நின்றுவிடுமா?

இந்தப் படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. எங்கே என்று தெரியவில்லை. நான் இதுவரை பார்த்த கோட்டுப் படங்களே கொஞ்சம்தான்.

ஜூன் 16, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

காலையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்பா பரோட்டா மாஸ்டராக இருக்கிற கடையில் புதுக் கல் போட்டிருக்கிறார்களாம், அது சூடாகவே மாட்டேன் என்கிறதாம். பாதியில் பின்னால் 'தடதட'வென்று ஒரு சத்தம். "வையி வையி" என்றாள். போனை அணைக்காமலே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முற்றத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சட்டி மேல் விழுகிற சத்தம். பிறகு சட்டியை நகர்த்துகிற சத்தம். பிறகு குடம் நிறைகிற சத்தம்.

எங்கள் தெருவில் யாரும் குழாயை மூடி வைக்க மாட்டார்கள். திறந்தே விட்டு, கீழே ஈயச் சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். நிமிர்த்தி வைத்தால் சத்தம் வராது. கவிழ்த்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். எங்கே இருந்தாலும் ஓடி வந்து பிடித்துவிடலாம். மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்று எல்லோரும் கோயிலில் இருந்தபோது தண்ணீர் வந்து, தெருவே ஆறாக ஓடியது. எனக்கு அப்போது பதினோரு வயது. காகிதக் கப்பல் விட்டோம்.

அந்தக் கோடு எங்கள் தெரு.

அம்மா வேலை முடித்து வந்து கூப்பிட்டபோது, சட்டியை எப்போதிலிருந்து இப்படி வைக்கிறாய் என்று கேட்டேன். "இதென்னட்டி கேள்வி? எல்லாரும் அப்படித்தான வைக்காங்க" என்றாள். அங்கேயும் அப்படித்தான் வைக்கிறார்களோ என்னவோ என்றேன். எங்கே என்றாள். ஐரோப்பாவில் என்றேன். "ஒழுங்காச் சாப்பிடுறியா இல்லையா?" என்றாள்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். நவ்ஷாத் லீவு. ரெபெக்கா மேடத்திடம் மே 5 அங்கே என்ன நாள் என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அவங்க ஆர்த்தடாக்ஸ் இல்ல? அவங்களுக்கு ஈஸ்டர் நமக்கு அப்புறம்தான் வரும். ராத்திரி பூரா சர்ச்ல இருப்பாங்க, விடியத்தான் வீட்டுக்குப் போவாங்க" என்றார்.

அறிக்கையின் ஓரத்தில், மெரிலேனி பத்திக்குப் பக்கத்தில், ஒரு கருத்து எழுதினேன். மூன்று வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆங்கிலத்தை நாலு தடவை சரி பார்த்தேன். நாள் வாரிப் படத்தையும் இணைத்தேன். அனுப்பியதும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

பதில் இல்லை. நவ்ஷாத் எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்தார். எனக்குத் தனி டப்பா, நான் மட்டன் சாப்பிட மாட்டேன் என்று முட்டை வைத்தது. அதை நான் அவரிடம் சொன்னதாக ஞாபகமே இல்லை.

ஜூன் 19, புதன்

பதில் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

பதில் இல்லை. நாலரை மணிக்கு ரெபெக்கா மேடம், "ஓரத்தை எல்லாம் க்ளீன் பண்ணிடும்மா, புதன்கிழமை முடிவு பண்றாங்க" என்றார். முப்பத்தொரு கருத்துகள் இருந்தன. ஒவ்வொன்றாக மூடினேன்.

முப்பத்தொன்று.

ஜூன் 22, சனி

என்னுடையதையும் சேர்த்துத்தான் முப்பத்தொன்று.

ஜூன் 25, செவ்வாய்

மூடிய கருத்தை மறுபடி திறக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் திறந்தால் 'காளீஸ்வரி மூடினார், காளீஸ்வரி திறந்தார்' என்று பன்னிரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போகும். இரண்டு முறை அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டேன்.

நவ்ஷாத்திடம் சொன்னேன். எல்லாவற்றையும். குழாய், சட்டி, ஈஸ்டர், முப்பத்தொன்று. தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லி முடிக்கும்போது தேநீர் ஆறிவிட்டது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "எங்க தெருவுல அடி பம்புங்க. தண்ணி வந்தா மூணாவது வீட்டு நன்னிம்மா பாட்டி விசில் ஊதும், அப்பதான் எல்லாரும் ஓடுவோம்" என்றார். பிறகு, "நாளைக்கு நீங்கதானே ஸ்க்ரீன் ஷேர் பண்றீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம். நான்தான்.

ஜூன் 26, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சரியாக ஐந்தரைக்குக் கூட்டம். தோய்னா கறுப்புச் சட்டை, பென்சில் இல்லை, கொண்டையும் இல்லை. ஒன்பதாம் பக்கம்தான் மெரிலேனி. வாரச் சராசரிக்குப் பதிலாக நாள் வாரிப் படத்தை அங்கே வைத்திருந்தேன். இதை நேற்று எழுதவில்லை, எழுதினால் செய்ய மாட்டேன் என்று பயம்.

ரோட்ரிகோ படத்தைப் பார்க்கவில்லை. வருத்தத்தோடுதான் பேசினார். குழாய்களை இப்போது தோண்ட முடியாத நிலை, கொஸ்திலாவை இந்தக் கட்டத்தில் விட்டுவிட வேண்டியிருக்கும் என்று சொல்லி, "அடுத்தது" என்றார்.

நான் போகவில்லை.

"அடுத்தது, ப்ளீஸ்."

விரல் விசை மேல்தான் இருந்தது.

"சென்னை உறைந்துவிட்டது போலிருக்கிறது" என்றார் ரோட்ரிகோ. யாரோ சிரித்தார்கள். ரெபெக்கா மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நவ்ஷாத் தன் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார்.

நான் ஒலியைத் திறந்தேன். "உறையவில்லை. நான்தான் மாற்றவில்லை" என்றேன்.

இது ஆங்கிலத்தில் எப்படி ஒலித்தது என்று தெரியாது. யாரும் குறுக்கிடுவதற்குள் தொடர்ந்தேன். பத்து நிமிடத்தைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளைக் காட்டினேன். தோய்னாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ஞாயிறு காலையில் மெரிலேனியில் எல்லோரும் எங்கே இருப்பார்கள்?

"தேவாலயத்தில்" என்றார் தோய்னா. பிறகு படத்துக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "மே ஐந்து" என்று மெல்லச் சொன்னார்.

கசிவுக்கு ஞாயிறு தெரியாது என்றேன். மண்ணுக்குள் போகவில்லை, குழாயை மூடாமல் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் சத்தத்துக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள், வந்ததும் ஓடி வந்து பிடிக்கிறார்கள், அந்த ஓட்டத்துக்குத்தான் பத்து நிமிடம் என்றேன். வீட்டில் ஆள் இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை எந்த ஆய்வில் படித்தேன் என்று கேட்டார் ரோட்ரிகோ. கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள்" என்றேன்.

தோய்னா சிரித்துவிட்டார். தான் வளர்ந்தது கிணற்று ஊர், இருப்பது தலைநகரில், மெரிலேனிக்குத் தான் போவதெல்லாம் வேலை நாட்களில் அதிகாரிகளோடு என்றார். ரோட்ரிகோ காபியைக் குடித்து முடித்தார், அல்லது வெறும் கோப்பையைக் குடித்தார். கடைசியில் தோய்னாவுக்கு மூன்று வாரம் கொடுத்தார். அதுவரை பதினான்காம் வரிசை இருக்கட்டும் என்றார். "சென்னை, இப்போது அடுத்தது போகலாமா?"

போனேன்.

கூட்டம் முடிந்ததும் ரெபெக்கா மேடம் என் இருக்கைக்கு வந்தார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். "போன வாரமே எழுதியிருந்தியாமே. நவ்ஷாத் சொன்னான். நான் படிக்கல. மத்த யாரும் படிக்கல. ஆனா அதை ஏம்மா நீயே மூடின?" என்றார். "இனிமே உன்னோடத மூடாத. மூடணும்னா என்கிட்ட கேட்டுட்டு மூடு" என்றார்.

நவ்ஷாத் இன்று வெள்ளைச் சட்டை. மடித்துவிட்ட கை.

ஜூலை 1, திங்கள்

தோய்னா நேற்று மெரிலேனிக்குப் போயிருக்கிறார். ஒன்பது நிமிடக் காணொளி வந்திருக்கிறது. நானும் நவ்ஷாத்தும் மேடமும் ஒரே திரையில் பார்த்தோம்.

ஆள் அரவமே இல்லாத தெரு. இரண்டு பக்கமும் வாதுமை மரங்கள். தூரத்தில் தேவாலயத்தில் பாடுகிறார்கள். தோய்னா கைபேசியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். திடீரென்று ஒரு வீட்டில் 'தடதட'. அடுத்த வீட்டில் 'டங் டங் டங்'. அப்புறம் எதிர் வீடு. அப்புறம் தெரு முழுக்க. தோய்னா நடுத்தெருவில் நின்று கைபேசியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார், சிரிப்பில் படம் குலுங்குகிறது. ஒரு வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். முற்றத்தில் குழாய், கீழே எனாமல் பேசின். கவிழ்த்து வைத்தது.

குழாயை மூட வேண்டும் என்று வேலி தாண்டி உள்ளே போனார். இரண்டு வாத்து துரத்தின. வெள்ளை வெளேரென்று, கழுத்தை நீட்டிக்கொண்டு. மீதிக் காணொளியில் வானமும் தோய்னாவின் செருப்பும்தான் தெரிகின்றன.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றார். நாலு தடவை போட்டோம்.

ஜூலை 12, வெள்ளி

மெரிலேனியில் இப்போது காலை ஏழுக்கும் மாலை ஆறுக்கும்தான் தண்ணீர் திறக்கிறார்கள். திறப்பதற்குக் கால் மணி முன்னால் பழைய பள்ளிக்கூட மணியை அடிக்கிறார்கள். பள்ளி எப்போதோ மூடிவிட்டதாம், மணி மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். தொட்டி ஆபரேட்டருக்கு மணியடிப்பது அவ்வளவு பிடித்துவிட்டது, மூன்று முறை அடிக்கச் சொன்னால் பதினைந்து முறை அடிக்கிறார், ஊரில் புகார் வந்திருக்கிறது.

நாற்பத்து மூன்று கருத்துகளை மூடினேன். ஒன்றை விட்டுவிட்டேன். அது என்னுடையது: 'பக்கம் 9, வாரச் சராசரியோடு நாள் வாரிப் படமும் இருக்க வேண்டும்.' கீழே ரோட்ரிகோ 'ஆம்' என்று எழுதியிருக்கிறார்.

ஜூலை 17, புதன்

மெரிலேனி இழுக்கிற தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. கொஸ்திலாவுக்குப் போதும், மீதியும் இருக்கும். கூட்டத்தில் ரோட்ரிகோ எண்ணைப் படித்துவிட்டு, "சென்னை என்ன சொல்கிறது?" என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். சென்னை இல்லை, காளீஸ்வரி என்று. அவர் மூன்று முறை முயன்றார். தோய்னா முதல் முறையிலேயே சரியாகச் சொன்னார். வீட்டில் சொல்லிப் பழகியிருப்பார் போல.

பதினான்காம் வரிசை இல்லாத அட்டவணையை அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

வேலை நிரந்தரமான கடிதம். அம்மாவிடம் சொல்லி முடிக்கும் வரை தண்ணீர் வரவில்லை. அதிசயம்.

நாளைக்குக் கடற்கரைக்குப் போகலாமா என்று நவ்ஷாத் கேட்டார். அலுவலகத்தில் எல்லோரும் போகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சரி என்றேன். ஒலியைத் திறந்துதான் சொன்னேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தோய்னா புகைப்படம் அனுப்பியிருந்தார். கொஸ்திலாவில் தெரு நடுவே பள்ளம், நீலக் குழாய்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தோய்னாவின் அம்மா. இந்த முறை ராட்டினம் இல்லை. இரண்டு கையாலும் ஒரு புது எனாமல் பேசினைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். சிவப்புப் பூப்போட்டது, விலைச்சீட்டு கூட எடுக்கவில்லை. குழாய் வீட்டுக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். மணியடிப்பார்கள், நேரத்துக்குத் தண்ணீர் வரும், பேசின் தேவைப்படாது என்று தோய்னா எவ்வளவோ சொல்லியும், அம்மா சந்தைக்குப் போய் வாங்கிவிட்டாராம்.

அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள் போல.

"வெவரமான பொம்பள" என்றாள். "ஆனா ஏ புள்ள, எனாமலு சத்தம் பத்தாது. ஈயச் சட்டியா வாங்கச் சொல்லு."

தோய்னாவுக்கு எழுதிவிட்டேன்.